கிருமி நீங்கியபின் எஞ்சும் பரப்பு: பல் பீங்கானும் தமிழ்ச் சொல்லும்



மொழியியல் துறையைச் சார்ந்த நாம் பல் மருத்துவப் பொருள் ஒன்றைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். பல்லுக்குப் போடும் பீங்கான் உறையைக் கிருமிநீக்கம் செய்தால் அதன் மேற்பரப்பு என்ன ஆகிறது என்பதே இன்றைய பொருள். வேதியியலார்க்கும் பல் மருத்துவர்க்கும் உரியதென்று தோன்றும் இவ்வினாவில் மொழிக்கும் ஒரு பங்கு உண்டு. 'கிருமிநீக்கம்' என்று நாம் வழங்கும் சொல்லே அந்த வினாவை மாணவர் மனத்தில் எழவிடாமல் தடுக்கிறது என்பது நமது கருத்து. அதனை நிறுவுவதற்கு முதலில் பொருளைப் பார்ப்போம். பின்னர்ச் சொல்லுக்கு வருவோம்.

1. பீங்கான் பல்லான கதை

தமிழில் 'பீங்கான்' என்கிறோம். மலாய்க்காரர் உணவுத் தட்டைப் 'பிங்கான்' என்கின்றனர். இவை பாரசீகச் சொல் ஒன்றோடு உறவுடையவை என்பர் சொற்பிறப்பு ஆய்வாளர். கடல்வழி வணிகத்தில் கலத்தோடு கலத்தின் பெயரும் பயணம் செய்திருக்கிறது. ஆங்கிலேயர் 'செராமிக்' என்பது குயவர் களிமண்ணைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஆகவே அந்தப் பெயர் சூளையில் சுட்ட மண்பொருள் அனைத்தையும் தழுவும்.

இந்தச் சுட்ட மண் மனிதர் வாய்க்குள் புகுந்ததற்குக் காரணமே அதன் மேற்பரப்புத்தான். 18ஆம் நூற்றாண்டில் செல்வர்கள் தந்தத்தால் செய்த கட்டுப்பல் அணிந்தனர். தந்தம் உமிழ்நீரையும் உணவுச் சாற்றையும் உறிஞ்சி நாளடைவில் நாறும். 1774இல் பிரான்சு நாட்டு மருந்தாளர் அலெக்சிஸ் துஷாட்டோ என்பவர், மருந்துகளை அரைத்துக் கலக்கும் பீங்கான் கலங்களில் கறையோ நாற்றமோ தங்குவதில்லை என்பதைக் கருதிப் பீங்கானிலேயே கட்டுப்பல் செய்ய முனைந்தார். எதையும் உறிஞ்சாத, எதையும் ஒட்டவிடாத பரப்பு வேண்டும் என்பதே அவர் நாடியது. இன்றைய பல் மருத்துவமும் அதனையே நாடுகிறது.

இன்று பல்லுக்குக் 'கேப்' போடப் பயன்படும் பீங்கான்களை இரு குடும்பமாகப் பகுக்கலாம். ஒன்று கண்ணாடித் தன்மை மிகுந்தது. மணற்சத்தாகிய சிலிக்காவை அடிப்படையாகக் கொண்டது. பழைய ஃபெல்ஸ்பார் பீங்கானும் இன்று பெருவழக்கான லித்தியம் டைசிலிகேட்டும் இக்குடும்பத்தன. மற்றொன்று கண்ணாடி கலவாத படிகப் பீங்கான். அதன் தலையாய உறுப்பு சிர்க்கோனியா.

சிர்க்கோனியாவின் வரலாற்றில் நமக்கு அண்மையான செய்திகள் இரண்டு உண்டு. 1789இல் செருமானிய வேதியியலார் மார்ட்டின் ஹைன்ரிக் கிளாப்ரோத், இலங்கையிலிருந்து சென்ற சிர்க்கான் கல்லை ஆராய்ந்தே இத்தனிமத்தைக் கண்டறிந்தார். மற்றொன்று இன்னும் அண்மையது. நாம் கூடியிருக்கும் ஸ்ரீ கெம்பாங்கானுக்குப் பக்கத்தில், இன்று ஏரியாகக் காட்சிதரும் இடம், முன்பு சுங்கை பீசி வட்டாரத்தின் பெரிய ஈயச் சுரங்கம். மலேசியாவில் ஈயமணலை அலசி எடுத்தபின் எஞ்சும் கனமான மணலை 'அமாங்' என்பர். அதில் சிர்க்கான் உண்டு. சிர்க்கோனியாவை நிலைப்படுத்தச் சேர்க்கும் யிட்ரியத்தைக் கொண்ட செனோடைம் என்னும் கனிமமும் உண்டு. தமிழ்நாட்டில் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் சிர்க்கான் கிடைக்கிறது. அயலார் அறிவியல் என்று நாம் ஒதுங்கி நிற்கும் பொருளின் மூலப்பொருள் நம் காலடி மண்ணில் கிடக்கிறது.

2. சொல்லுக்கு முந்திய நூல்

'ஸ்டெரிலைசேஷன்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. மக்களுக்குச் செய்யும் கருத்தடை அறுவை ஒன்று. கருவிகளில் நுண்ணுயிர் எதுவும் எஞ்சாதபடி செய்வது மற்றொன்று. மலாய்மொழி இவற்றைத் தெளிவாகப் பிரித்துவிட்டது: முன்னது 'பெமண்டுலான்', பின்னது 'பென்ஸ்தெரிலான்'. தமிழிலும் கருத்தடை, கிருமிநீக்கம் என இரு சொற்கள் உள்ளன. எனினும் இயந்திர மொழிபெயர்ப்புகளில் 'மலட்டுக் கருவி', 'மலட்டுப் பரப்பு' போன்ற தொடர்களைக் காண்கிறோம். சொல் இருந்தும் வழக்கில் ஊன்றவில்லை என்பதற்கு இது சான்று.

தமிழில் மருத்துவ அறிவியல் எழுதும் முயற்சி நேற்றுத் தொடங்கியதன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 1848இல் மருத்துவக் கல்வியைத் தொடங்கிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், தம் மாணவர்களோடு சேர்ந்து மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். கலைச்சொல் தேடுவதில் அவர் ஒரு வரிசையைக் கைக்கொண்டார்: முதலில் தமிழ், கிடையாதபோது வடமொழி, அதுவும் பொருந்தாதபோது ஆங்கிலச் சொல்லின் ஒலிபெயர்ப்பு. அவ்வகையில் அறுவை மருத்துவ நூலாகிய 'இரண வைத்தியம்' 1867இல் வெளிவந்தது. வேதியியல் நூலாகிய 'கெமிஸ்தம்' 1875இல் வந்தது.

1867 என்னும் ஆண்டு கருதத்தக்கது. அறுவைப் புண்ணில் கிருமி புகாமல் காக்கும் முறையை ஜோசப் லிஸ்டர் 'லான்செட்' இதழில் வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். நீராவி அழுத்தக் கலனாகிய ஆட்டோகிளேவைப் பாஸ்டரின் உடனாய்வாளர் சார்ல்ஸ் சாம்பர்லாந்து உருவாக்கியதோ 1879இல். கிருமிநீக்கம் என்னும் கருத்து ஐரோப்பாவிலேயே வேரூன்றும் முன்னர்த் தமிழில் அறுவை மருத்துவ நூல் இருந்தது. சொல்லாக்கத்தில் தமிழ் இயல்பாகவே பின்தங்கியது என்பார்க்கு இவ்வாண்டே விடை. பின்னாளில் பயிற்றுமொழி மாறியதால், கருத்து வளர்ந்த வேகத்தில் தமிழ்ச் சொல் வளரவில்லை.

3. நீராவி செய்யும் வேலை

இனி மருத்துவமனைக்குள் செல்வோம். ஆட்டோகிளேவ் என்பது அடுக்களைப் பிரஷர் குக்கரின் தமையன். அழுத்தத்தில் நீராவியின் வெப்பம் கொதிநிலையைக் கடந்து ஏறும். 121 பாகை செல்சியஸில் 15 நிமிடம், அல்லது 134 பாகையில் 3 நிமிடம் என்பன பெருவழக்கான அளவுகள். கொதிநீரையும் தாங்கவல்ல நுண்வித்துக்கள் இவ்வீர வெப்பத்தில் அழிகின்றன.

பல் உறைகள் அனைத்தும் இதற்குள் செல்வதில்லை. எனினும் தாடையெலும்பில் பதித்த செயற்கை வேரின் மேல், ஈறு சூழ நிற்கும் சிர்க்கோனியாத் தாங்கிகள், பொருத்துவதற்குமுன் கிருமிநீக்கம் செய்யப்படுகின்றன. உயிரணுக்களோடு சேர்த்து ஆராய வேண்டிய மாதிரித் துண்டுகளும் அவ்வாறே. சிர்க்கோனியாவுக்கும் நீராவிக்கும் ஒரு பழம்பகை உண்டு என்பதுதான் இங்குச் சிக்கல்.

சிர்க்கோனியாப் படிகம் அறைவெப்பத்தில் 'ஒற்றைச்சரிவு' என்னும் அமைப்பில் இருக்க விரும்புவது. மிகு வெப்பத்தில்தான் அது 'நாற்கோணகம்' என்னும் நெருக்கமான அமைப்பை ஏற்கும். சிறிதளவு யிட்ரியாவைச் சேர்த்துச் சுட்டால் ஆறிய பின்னும் நாற்கோணக அமைப்பிலேயே அடங்கி நிற்கும். ஆனால் அந்த அடக்கம் இறுக்கி வைத்த வில்லின் அடக்கம். ஒரு விரிசல் உள்ளே பாய்ந்து வந்தால், அதன் முனையிலுள்ள படிகங்கள் ஒற்றைச்சரிவாக மாறி ஏறத்தாழ 4 விழுக்காடு பருத்து, அவ்விரிசலை நெருக்கி நிறுத்திவிடும். 1975இல் கார்வி, ஹேனிங்க், பாஸ்கோ ஆகியோர் இப்பண்பை 'நேச்சர்' இதழில் விளக்கி, 'பீங்கான் எஃகு' என்று பெயரிட்டனர். உடையும் பொருளென்று பேர்பெற்ற பீங்கான் கடைவாய்ப் பல்லின் அழுத்தத்தைத் தாங்குவது இதனால்தான்.

அதே மாற்றம் விரிசல் எதுவும் இல்லாதபோதும், நீரின் தூண்டுதலால் மேற்பரப்பில் மெல்ல நிகழக்கூடும் என்பதைக் கோபயாஷி குழுவினர் 1981இல் காட்டினர். இதனைத் 'தாழ்வெப்பச் சிதைவு' அல்லது 'மூப்பு' என்பர். மேற்பரப்பில் ஒரு படிகமணி மாறுகிறது; பருக்கிறது; பக்கத்து மணிகளைத் தள்ளுகிறது; நுண்விரிசல் தோன்றுகிறது. அவ்விரிசல் வழியே நீர் இறங்கி அடுத்த மணியைத் தொடுகிறது. வழவழப்பாக இருந்த தளம் மேடுபள்ளமாகிறது. வெப்பமும் நீரும் சேர்ந்தால் இது விரைவுபெறும். ஆட்டோகிளேவில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. நீரில்லாத உலர்வெப்பத்தில் இம்மாற்றம் மிகக் குறைவு.

இது ஏட்டளவிலான அச்சமன்று. இடுப்பு மூட்டு மாற்று அறுவையில் ஒருகாலத்தில் சிர்க்கோனியாப் பந்துகள் பெருவழக்காயிருந்தன. அவற்றை மருத்துவமனைகள் நீராவியில் மறுபடியும் கிருமிநீக்கம் செய்தால் மேற்பரப்பு சொரசொரப்பாகிறது என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 1997இல் எச்சரித்தது. சொரசொரப்பான பந்து, அது சுழலும் பிளாஸ்டிக் கிண்ணத்தைத் தேய்த்துவிடும். கிருமியை நீக்கும் நல்ல செயல் பொருளின் தோலைக் கெடுத்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆனால் மாணவர்கள் அளவையும் மறக்கக் கூடாது. மருத்துவச் சிர்க்கோனியாவுக்கான ஐ.எஸ்.ஓ. 13356 என்னும் பன்னாட்டுத் தரம், மூப்பைச் சோதிப்பதற்கே ஆட்டோகிளேவைப் பயன்படுத்துகிறது: 134 பாகையில் 5 மணி நேரம். ஒரு வழக்கமான சுழற்சியில் அவ்வெப்பம் நிற்பது 3 நிமிடம். வெறும் காலக்கணக்கில் பார்த்தால் சோதனை 100 சுழற்சிகளுக்கு ஈடாகிறது. நன்றாகச் சுட்ட, மணி சிறுத்த, தரமான பொருள் ஒன்றிரண்டு சுழற்சிகளில் பெரிதாகக் கெடாது என்று இதனால் உணரலாம். யிட்ரியா அளவு கூடிய புதிய ஒளிபுகு சிர்க்கோனியா வகைகள் மூப்பை நன்கு தாங்கும். ஆயினும் அவற்றின் வலிமை சற்றுக் குறைவு. எனவே 'ஆட்டோகிளேவ் சிர்க்கோனியாவைக் கெடுக்கும்' என்றும் எழுதக் கூடாது. 'ஒன்றும் செய்யாது' என்றும் எழுதக் கூடாது. எந்தப் பொருள், எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்னும் மூன்றும் இன்றி அந்த வாக்கியம் நிறைவு பெறாது.

பரப்பின் வழவழப்பு ஏன் இத்துணை முக்கியம்? வாய்க்குள் வைக்கும் பொருளின் சராசரிச் சொரசொரப்பு 0.2 மைக்ரோமீட்டரைக் கடந்தால் அதன்மேல் பாக்டீரியாப் படலம் மிகுதியாகப் படியும் என்பது பல் மருத்துவ ஆய்வாளர் பலரும் ஏற்கும் எல்லை. 0.2 மைக்ரோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் 5000இல் ஒரு பங்கு. இன்று கிருமியை நீக்கும் செயல் பரப்பைச் சொரசொரப்பாக்கினால், நாளைய கிருமிக்கு அதுவே குடியிருப்பாகிவிடும்.

4. நிறமும் நனைவும்

நீராவி ஒன்றே வழியன்று. காமாக் கதிர், எத்திலீன் ஆக்சைடு வளி, ஹைட்ரஜன் பெராக்சைடு பிளாஸ்மா ஆகியவையும் உள்ளன. ஒவ்வொன்றும் பரப்பில் தன் கையொப்பத்தை இட்டுச் செல்கிறது.

காமாக் கதிர் பட்ட சிர்க்கோனியா பழுப்பேறும். கண்ணாடித் தன்மையுள்ள பீங்கானும் நிறம் மாறும். கதிர், படிகத்துள் மின்னணுக்களை இடம்பெயர்த்து ஒளியை விழுங்கும் மையங்களை உண்டாக்குவதே காரணம். சூடேற்றினால் அந்நிறம் பெரும்பாலும் நீங்கும். வலிமை குறையாவிட்டாலும், பக்கத்துப் பல்லின் நிறத்தோடு இசைய வேண்டிய முன்பல்லுக்கு இது பெருங்குறை. எத்திலீன் ஆக்சைடு தாழ்ந்த வெப்பத்திலேயே வேலை செய்யும்; ஆனால் நச்சு வளியாதலின், எச்சம் வெளியேறும்வரை காற்றோட்டத்தில் வைத்த பின்னரே அப்பொருளைப் பயன்படுத்த முடியும்.

அடுத்தது கண்ணுக்குத் தெரியாத மாற்றம். தாமரை இலையில் நீர் உருண்டு நிற்கும். கழுவிய கண்ணாடியில் பரந்து படரும். துளி, பரப்போடு சேருமிடத்தில் உண்டாகும் கோணத்தைச் சேர்கோணம் என்று இயற்பியல் நூல்கள் கூறும். பீங்கான் பரப்பு காற்றிலுள்ள கரிமப் பொருள்களை நாள்தோறும் தன்மேல் ஏற்றுக்கொள்கிறது. நீராவியோடு வரும் மாசும் அதில் படியலாம். அப்போது துளி உருளும். புறஊதாக் கதிரோ பிளாஸ்மாவோ பட்டால் கரிமப் படலம் நீங்கித் துளி படரும். ஈற்றின் உயிரணுக்கள் முதலில் தொடுவது இந்தப் படலத்தைத்தான். அதன் கீழிருக்கும் பீங்கானை அன்று. ஆக, ஒரே சிர்க்கோனியாத் துண்டு, எவ்வழியில் கிருமிநீக்கம் பெற்றது என்பதைப் பொறுத்து உயிரணுவுக்கு வேறுவேறு முகம் காட்டும். ஆய்வேடுகளில் கிருமிநீக்க முறையைக் குறிப்பிடாமல் விட்டால் முடிவுகளை ஒப்பிட இயலாமற்போவது இதனால்தான்.

ஒட்டும் தன்மையையும் கருத வேண்டும். உறையை வாயில் பொருத்திப் பார்த்து எடுக்கும்போது உமிழ்நீரிலுள்ள பாஸ்பேட்டு, சிர்க்கோனியாப் பரப்பை இறுகப் பற்றிக்கொள்கிறது. பின்னர்ப் பூசும் ஒட்டுப்பசையிலுள்ள பாஸ்பேட்டு மூலக்கூறும் அதே இடத்தைத்தான் நாடும். இருக்கை முன்பே நிறைந்துவிட்டதால் அதற்கு இடமில்லை. பாஸ்பாரிக் அமிலத்தால் கழுவினாலோ இன்னும் பாஸ்பேட்டு ஏறும். அலுமினாத் துகளை மெல்ல வீசித் தேய்த்தோ, அதற்கென அமைந்த தூய்மைப் பசையைக் கொண்டோ அவ்விடத்தை விடுவிக்க வேண்டும். அந்த உறையில் ஒரு கிருமிகூட இல்லாதிருக்கலாம். ஆயினும் பசைக்கு அது அழுக்கான பரப்பே.

5. வேற்றுமை காட்டும் வேற்றுமை

இப்போது சொல்லுக்குத் திரும்புவோம். 'பீங்கானிலிருந்து கிருமியை நீக்கினர்' என்னும் தொடரில் செயப்படுபொருள் கிருமி. அது இரண்டாம் வேற்றுமையில் நிற்கிறது. பீங்கானோ ஐந்தாம் வேற்றுமையில், நீங்கற்பொருளில் நிற்கிறது. மரத்திலிருந்து பழம் விழுந்தது என்றால் மரத்துக்கு என்ன ஆயிற்று என்று நாம் கேட்பதில்லை. அதுபோலவே 'கிருமிநீக்கம்' என்றதும் கிருமி போயிற்று, பீங்கான் இருந்தபடியே இருக்கிறது என்று மனம் முடிவு செய்துவிடுகிறது. 'சுத்தம்' என்னும் சொல் அம்முடிவை மேலும் உறுதிப்படுத்துகிறது; சுத்தமானது எல்லார்க்கும் எல்லாவற்றுக்கும் சுத்தமானது என்பதே அதன் பொதுப்பொருள்.

அறிவியல் கூறுவது வேறு. நீராவி கிருமியை அழிக்கும், பீங்கானையும் மாற்றும். செயப்படுபொருள்கள் இரண்டு. இரண்டாவதைச் சொல் மறைத்துவிடுகிறது. இது தமிழுக்கு மட்டும் உள்ள குறையன்று. 'கிருமியற்றது' என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லும் இதையே மறைக்கிறது. எனினும் வேற்றுமையுருபு வெளிப்படையாக நிற்கும் நம் மொழியில் மறைப்பைக் கண்டுபிடிப்பது எளிது. அந்த வாய்ப்பை ஆசிரியர்கள் பயன்படுத்த வேண்டும்.

புதுச்சொல் படைக்க வேண்டுமென்று நாம் வற்புறுத்தவில்லை. இருக்கும் சொற்களை எல்லை வகுத்து ஆண்டால் போதும். கண்ணுக்குத் தெரியும் அழுக்கையும் படலத்தையும் போக்குவது தூய்மையாக்கல். நோய் தொற்றாத அளவுக்கு நுண்ணுயிரைக் குறைப்பது தொற்றுநீக்கம். நுண்வித்து உட்பட அனைத்தையும் ஒழிப்பது கிருமியழிப்பு. 'கிருமி' வடமொழியில் புழுவைக் குறித்த சொல்லாயினும், இன்று மக்கள் நாவில் நுண்ணுயிர்க்கு உரியதாகிவிட்டது. அதை மாற்ற வேண்டியதில்லை. இம்மூன்றோடு நான்காவதாகப் 'பரப்பு மாற்றம்' என்பதையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும். முதல் மூன்றும் எதை அகற்றினோம் என்று கூறும். நான்காவது, எஞ்சியது எந்நிலையில் உள்ளது என்று கேட்கும்.

தமிழ்ப்பள்ளியில் நுண்ணுயிர்ப் பாடம் நடத்தும் ஆசிரியர், ஒவ்வொரு முறைக்கும் நான்கு வினா எழுதச் சொல்லலாம்: எதை நீக்கினோம்? எதனால் நீக்கினோம்? எதிலிருந்து நீக்கினோம்? நீங்கியபின் அது என்ன ஆயிற்று? இலக்கண வகுப்பும் அறிவியல் வகுப்பும் இங்கு ஒன்றாகின்றன. பீங்கான் தட்டு ஒன்றின் ஒரு பாதியில் எண்ணெய்க் கையைத் தடவி, மறுபாதியை நன்றாகக் கழுவி, இரண்டிலும் ஒவ்வொரு துளி நீர் விட்டுப் பார்க்கச் சொன்னால், பரப்பு என்பது வெறும் எல்லைக்கோடன்று என்பதைப் பன்னிரண்டு அகவைப் பிள்ளையும் கண்ணால் காணும்.

நம் நாட்டில் தமிழ்வழி அறிவியல் தொடக்கப்பள்ளியோடு நின்றுவிடுகிறது. 2003 முதல் சில ஆண்டுகள் அந்த அறிவியலும் கணிதமும்கூட ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டதை நாம் அறிவோம். ஆறாண்டுகளில் தமிழில் கற்ற சொல் மாணவர் உள்ளத்தில் துல்லியமாகப் பதிந்தால், பின்னர் மலாயிலும் ஆங்கிலத்திலும் அதே கருத்தைச் சந்திக்கும்போது அடையாளம் கண்டுகொள்வர். கலங்கலாகப் பதிந்தால், எம்மொழியில் கற்றாலும் அக்கலங்கல் உடன்வரும். அம்மாணவருள் ஒருவர் நாளை பல் மருத்துவராகலாம், தொழில்நுட்பராகலாம், சிகிச்சை நாற்காலியில் அமர்ந்து, தமக்குப் பொருத்தும் உறையைப் பற்றி வினவும் நோயாளியாகவும் ஆகலாம். மூவருக்கும் வேண்டியது பொருளை மறைக்காத சொல்.

சொல்லை ஆராய்வோர் பொருளையும், பொருளை ஆராய்வோர் சொல்லையும் ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும் என்று கேட்டு அமைகிறோம்.